நுரையீரலுக்குப் போகும் தவறான ரத்தக்குழாயைக் கதீட்டர் வழியே அடைப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து சித்தப்பா மகள் போன் செய்தாள். "அண்ணா, பாப்பாவுக்கு நுரையீரலுக்கு ஒரு ரத்தக்குழாய் அதிகமா இருக்குதாம். கம்பி விட்டு அடைச்சிடலாம்னு சொல்றாங்க. கம்பின்னா என்ன கம்பி? நெஞ்சைக் கிழிப்பாங்களா?" நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய்க்குள் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை விட்டு வைத்தியம் செய்யும் அறையில், 14 வருடமாக டெக்னீஷியன். கம்பி, குழாய், பிளக் எல்லாவற்றையும் பிரித்து டாக்டர் கையில் கொடுப்பவன். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். வைத்தியத்தை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும்.

வாய்க்கால் கணக்கு

வயலுக்கு மடை திறந்து பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நுரையீரலுக்குப் பெரிய வாய்க்கால் ஒன்று உண்டு. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து கெட்ட ரத்தத்தைச் சுத்தம் செய்யக் கொண்டுபோகும் நுரையீரல் தமனி அது. அதில் அழுத்தம் குறைவு, கையில் பார்க்கும் பி.பி. 120 என்றால், இங்கே மேல் அழுத்தமே 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். இதைத் தவிர, இதயத்திலிருந்து உடம்பு முழுக்க நல்ல ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியிலிருந்து நூல் போன்ற சின்னக் குழாய்கள் சில, மூச்சுக்குழாய்களின் சுவருக்குத் தீனி கொடுக்கப் போகும். சாதாரண உடம்பில் இவ்வளவுதான்.

சிலருக்குக் கருவில் நுரையீரல் உருவாகும்போதே கணக்கு தப்பிவிடுகிறது. அடிக்கடி பேசப்படுவது நான்கு வகை.

ஒன்று, சீக்வெஸ்ட்ரேஷன். நுரையீரலின் ஒரு துண்டு, பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், மூச்சுக்குழாயோடு சரியாக இணையாமல் தனியாக நிற்கும். அதற்கு ரத்தம் மகாதமனியிலிருந்து நேராக வரும். 1946-ல் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வைத்த பெயர் இது. இதிலேயே ஒரு கிளைவகை உண்டு: நுரையீரல் துண்டு நன்றாகவே இருக்கும், மூச்சுக்குழாயும் சரியாக இருக்கும், மகாதமனிக் குழாய் மட்டும் அதிகப்படியாக வந்து சேரும். கதீட்டர் சிகிச்சைக்கு மிகவும் தோதானது இந்த வகைதான்.

இரண்டாவது, சிமிடார். வலது நுரையீரலின் சிரை இடது இதயத்துக்குப் போகாமல் கீழே இறங்கி, வயிற்றிலிருந்து வரும் பெருஞ்சிரையில் சேர்ந்துவிடும். எக்ஸ்ரேயில் அது வளைந்த துருக்கி வாள் போலத் தெரியும், பெயரும் அதனால்தான். இவர்களில் பலருக்கு வயிற்று மகாதமனியிலிருந்து வலது நுரையீரலின் அடிப்பகுதிக்கு ஒரு தமனியும் ஏறி வரும்.

மூன்றாவது வகையில் நுரையீரல் தமனியே அடைபட்டோ வளராமலோ போயிருக்கும். இதயத்தில் ஓட்டையும் இருக்கும். உடம்பு சும்மா இருக்குமா? மகாதமனியிலிருந்து பக்கக் கிளைகளை வளர்த்து நுரையீரலுக்கு ரத்தம் கொடுக்கும். டாக்டர்கள் இவற்றை 'மேப்கா' என்பார்கள்.

நான்காவது, நுரையீரல் ஏ.வி.எம். தமனியும் சிரையும் நடுவில் வடிகட்டி இல்லாமல் நேராக ஒட்டிக்கொள்ளும். கெட்ட ரத்தம் சுத்தமாகாமலே இடது பக்கம் போய்விடும்.

முதல் இரண்டிலும் குறைந்த அழுத்த வயலுக்குள் மகாதமனியின் வேகத்தோடு தண்ணீர் பாய்கிறது. அது சுற்றித் திரும்ப இதயத்துக்கே வருவதால் இதயம் வீங்கும். மூன்றாவதில் அந்தத் தண்ணீர்தான் வயலுக்கே ஆதாரம், அடைத்தால் பயிர் காயும். நான்காவதில் அழுக்கும் உறைந்த ரத்தக் கட்டியும் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போகும் ஆபத்து. நான்கையும் "ரத்தக்குழாய்ப் பிரச்சினை" என்று ஒரே வார்த்தையில்தான் வீட்டில் சொல்லுவோம். உங்கள் பிள்ளைக்கு இதில் எது என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: சந்தேகம் எங்கே வர வேண்டும்

கைக்குழந்தை என்றால் பால் குடிக்கும்போது கவனியுங்கள். இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சிரைத்து நிறுத்தும், நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும், எடை ஏறாது. இதயத்துக்குச் சுமை கூடுகிறது என்று அர்த்தம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு மறுபடி மறுபடி நிமோனியா வரும். அதிலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். நம் பக்கத்தில் இது டிபி என்ற கணக்கில் போய்விடுவது உண்டு. இருமல், நெஞ்சு எக்ஸ்ரேயில் புள்ளி, சில சமயம் சளியில் ரத்தம் என்றால் டிபியை முதலில் நினைப்பது நியாயம்தான், டாக்டரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, மருந்துக்குப் புள்ளி கரையவில்லை, பழைய எக்ஸ்ரேயிலும் புதியதிலும் ஒரே மூலை வெளுத்திருக்கிறது என்றால், "இந்த இடத்துக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஏ.வி.எம். வேறு மாதிரி. உதடும் நகமும் நீலம் பாயும், விரல் நுனி பருத்து உருண்டிருக்கும், ஆக்சிஜன் அளவு குறைவாகக் காட்டும், ஆனால் எக்கோவில் இதயம் சரியாக இருக்கும். வீட்டில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ அடிக்கடி மூக்கில் ரத்தம் கொட்டும் பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். ஏ.வி.எம். உள்ளவர்களில் பலருக்கு அது குடும்ப வழியாக வருகிறது, அதன் முதல் அடையாளம் மூக்கு ரத்தம்தான்.

படி 2: சரியான படம்

இங்கேதான் பாதிப்பேர் பணத்தையும் நாளையும் இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எக்கோ. இதய அறைகள் வீங்கியிருக்கிறதா, ஓட்டை உண்டா என்று அதில் தெரியும். ஏ.வி.எம். சந்தேகம் இருந்தால் குமிழ் எக்கோ செய்வார்கள். உப்புநீரைக் குலுக்கி நுண்ணிய குமிழாக்கி கை நரம்பில் செலுத்துவார்கள். ஆரோக்கியமான நுரையீரல் அந்தக் குமிழ்களைப் பிடித்து நிறுத்திவிடும். மூன்று நான்கு துடிப்பு கழித்து அவை இதயத்தின் இடது பக்கத்தில் தெரிந்தால் நுரையீரலில் கள்ளவழி இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது சி.டி. ஆஞ்சியோ. சாதாரண நெஞ்சு சி.டி. போதாது. நரம்பில் சாய மருந்து செலுத்தி எடுப்பதுதான் வேண்டும். இன்னொன்று, மேல்வயிறும் சேர்ந்து இருக்க வேண்டும். தவறான தமனி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே வயிற்று மகாதமனியில் கிளம்பி மேலே ஏறி வரலாம். நெஞ்சோடு நிறுத்திவிட்ட படத்தில் அந்தத் தமனியின் வேர் இருக்காது. அரூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று இதனாலேயே இரண்டாவது முறை சி.டி. எடுத்தது. பிள்ளைக்கு இரண்டு தடவை கதிர்வீச்சு, வீட்டுக்கு இரண்டு தடவை செலவு. சீட்டில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஸ்கேன் மேசையில் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

படத்தை பிலிமாக மட்டும் வாங்காதீர்கள், சி.டி. தட்டிலோ பென்டிரைவிலோ கேளுங்கள். மஞ்சப்பையில் சுருட்டி வந்த பிலிமை வைத்துக்கொண்டு குழாயின் அளவை மில்லிமீட்டரில் அளக்க முடியாது. கணினியில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் குழாய் எங்கே பிறக்கிறது, எங்கே குறுகுகிறது, எத்தனை கிளை என்று தெரியும்.

படி 3: எந்தக் கதவைத் தட்டுவது

நேராகப் பெங்களூருக்கு ஓடுவது நம் ஊர் வழக்கம். ஓசூர்க்காரர்களுக்கு 40 கிலோமீட்டர், அவர்கள் போகட்டும். மற்றவர்கள் முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 2022-ல் தொடங்கிய கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய்ப் பதிந்துகொள்வது நல்லது. குழந்தை மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் பரிந்துரைக் கடிதம் பின்னால் எல்லா இடத்திலும் உதவும். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் வழிகாட்டுவார்கள். பிறவி இதய நோய் அவர்களுடைய பட்டியலிலேயே இருக்கிறது, 18 வயது வரை பார்ப்பார்கள்.

அடைக்கும் வேலையைக் குழந்தைகள் இதயப் பிரிவும் இதய அறுவை சிகிச்சைப் பிரிவும் ஒரே கூரையில் இருக்கும் இடத்தில் செய்துகொள்ளுங்கள் என்பது என் பிடிவாதம். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு ஜெயதேவா போன்ற பெரிய இடங்களில் இரண்டும் உண்டு. கதீட்டர் மட்டும் தெரிந்த இடத்தில் எல்லாமே கதீட்டரால் அடைக்க வேண்டியதாகத் தெரியும், கத்தி மட்டும் இருக்கும் இடத்தில் எல்லாமே வெட்ட வேண்டியதாகத் தெரியும். இரண்டு தரப்பும் ஒரே படத்தின் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும்.

காப்பீடு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இடம் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் அசலும் நகலுமாக எடுத்துப் போங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் சேர்க்கை. குழாயை அடைக்க உள்ளே வைக்கும் பொருளில் எத்தனை சுருள், எத்தனை பிளக் வரை தொகுப்பில் அடங்கும் என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பொருளின் விலைதான் இதில் பெரிய செலவு. மாநில எல்லை தாண்டும் எண்ணம் இருந்தால் அந்த மருத்துவமனையில் நம் அட்டை செல்லுமா என்பதைப் பஸ் ஏறுவதற்கு முன்பே விசாரியுங்கள்.

படி 4: அடைக்கலாமா, கூடாதா

மடையை அடைப்பது ஐந்து நிமிட வேலை. எந்த மடையை என்பதுதான் கேள்வி. நான் பார்த்த நல்ல டாக்டர்கள் எல்லாரும் இதில்தான் நேரம் செலவழிக்கிறார்கள்.

தவறான குழாய் பாயும் அதே நுரையீரல் துண்டுக்குச் சரியான நுரையீரல் தமனியும் போகிறதா? போனால் தவறானதை அடைக்கலாம், வயலுக்கு மற்ற வாய்க்கால் இருக்கிறது. போகவில்லை, ஆனால் அந்தத் துண்டு மூச்சுக்கே உதவாத சீக்வெஸ்ட்ரேஷன் என்றால் அப்போதும் அடைக்கலாம், அது மெல்லச் சுருங்கிப்போகும். ஆனால் மேப்காவில் சில குழாய்கள்தான் ஒரு பகுதிக்கே ஒரே ஆதாரம். அவற்றை அடைக்கவே கூடாது. அறுவை சிகிச்சையில் அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து நுரையீரல் தமனியோடு இணைப்பார்கள். இரட்டை ஆதாரம் உள்ள உபரிக் கிளைகளை மட்டுமே அடைப்பார்கள்.

சீக்வெஸ்ட்ரேஷன் துண்டில் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்திருந்தால் அடைப்பதை விட வெட்டி எடுப்பதே நல்லது. ரத்தம் நின்ற அழுக்குப் பை உள்ளே இருந்தால் தொற்று தொடரும். சிலருக்கு அறுவைக்கு முன் கதீட்டரால் அடைத்துவிட்டுப் பிறகு வெட்டுவார்கள், ரத்தப்போக்கு குறையும்.

ஏ.வி.எம்.மில் கேள்வி அளவைப் பற்றியது. உள்ளே போகும் தமனி 2 முதல் 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் அடைப்பார்கள். அதைவிடச் சின்னதென்றால் பெரும்பாலும் கண்காணிப்புதான்.

படி 5: முந்தின நாள்

சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்குழாய் இறுகினால் ஆபத்து. தேதி தள்ளிப்போனால் போகட்டும். அஞ்செட்டியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவர்களிடம் "நாளைக்கு இல்லை" என்று சொல்வது எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கும், அதனால் கிளம்பும் முன் வார்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ரத்த அளவு, சிறுநீரகம், ரத்த உறைவு, ரத்தப் பிரிவு எல்லாம் பார்ப்பார்கள். சாய மருந்துக்கோ நிக்கல் நகைக்கோ அலர்ஜி உண்டா என்று கேட்பார்கள். பிளக் செய்யும் நைட்டினால் என்பது நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த உலோகம்.

பட்டினி: திட உணவும் மாட்டுப்பாலும் 6 மணி நேரம் முன்பு, தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். உங்கள் வார்டில் வேறு கணக்குச் சொன்னால் அதுதான் சட்டம். "பாவம், பசிக்குது" என்று பாட்டி புடவைத் தலைப்பில் மறைத்து ஒரு பிஸ்கட் கொடுத்து, கேஸ் ரத்தானதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

படி 6: லேபுக்குள்

உள்ளே குளிராக இருக்கும், எந்திரத்துக்காக. பிள்ளைக்கு முழு மயக்கம், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது.

தொடை இடுக்கில் ஊசி. மகாதமனிக் கிளையை அடைக்கத் தமனி வழி, ஏ.வி.எம்.முக்குச் சிரை வழி. ஊசி வழியே மெல்லிய கம்பி, கம்பியின் மேல் ஷீத் என்னும் குட்டைக் குழாய். கைக்குழந்தைக்கு 4 பிரெஞ்ச் அளவு போதும். 3 பிரெஞ்ச் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் ஒரு கீறல்கூட விழாது. 1929-ல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர் தன் கை நரம்பு வழியே தானே குழாயை இதயத்துக்கு விட்டுக்கொண்டு எக்ஸ்ரே எடுத்தார். அப்போது திட்டு, 1956-ல் நோபல்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் போட்டபின் சாயம் செலுத்திப் படம். கறுப்பாக ஓடும் சாயத்தில் தவறான குழாய் தெளிவாக எழும். அது திரும்பி எந்தச் சிரைக்குப் போகிறது என்பதையும் முழுதாகப் பார்ப்பார்கள். பிறகு நுரையீரல் தமனியிலும் ஒரு படம், இரட்டை ஆதாரத்தை உறுதி செய்ய. சந்தேகம் இருந்தால் குழாய்க்குள் குட்டிப் பலூனை ஊதிச் சில நிமிடம் அடைத்துப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் அளவு இறங்கினால் பலூனைச் சுருக்கிவிட்டுத் திரும்பி வருவதுதான். வெறுங்கையோடு வெளியே வந்தார்களே என்று வருத்தப்படாதீர்கள்.

அடைக்கும் பொருள் இரண்டு வகை. ஒன்று சுருள், அதாவது காயில். குழாய்க்குள் நேர்க்கம்பியாகப் போகும், முனையிலிருந்து வெளியே வந்ததும் தானாகச் சுருளும், அழுத்தும் பேனாவின் ஸ்பிரிங் போல. அதில் பொடி நூல் இழைகள் தொங்கும், அவற்றில் ரத்தம் ஒட்டி உறையும். 1975-ல் ஜியான்டர்கோ என்ற டாக்டர் கொண்டுவந்த யோசனை இது. இன்னொன்று பிளக். நைட்டினால் கம்பியால் பின்னிய சின்னக் கூண்டு. தள்ளும் கம்பியின் நுனியில் மறையில் திருகி மாட்டியிருக்கும். குழாயின் அகலத்தை விட 30 முதல் 50 சதவீதம் பெரிதாக எடுப்போம். 6 மில்லிமீட்டர் குழாய்க்கு 8 அல்லது 9. சுவரைப் பிடித்து நிற்க வேண்டுமே.

எனக்குப் பிடித்த கட்டம், பிளக்கைக் கழற்றுவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடம். கூண்டு விரிந்து நிற்கிறது, கம்பி இன்னும் மாட்டியே இருக்கிறது. டாக்டர் மெல்ல இழுத்து ஆட்டிப் பார்ப்பார். அசைந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு அளவை மாற்றலாம். நின்றால் இடப்பக்கமாக நாலைந்து திருகு, கம்பி தனியாக வந்துவிடும். கடைசிப் படத்தில் கறுப்புச் சாயம் பிளக் வரை வந்து மொட்டையாக நிற்கும்.

தூள் மருந்து தூவி அடைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். தமனியும் சிரையும் நேராகத் திறந்திருக்கும் இடத்தில் தூள் தங்காமல் இடது இதயம் வழியே மூளைக்குப் போய்விடும். அதனால் இதில் தங்கும் அளவுள்ள பொருள்தான்.

தவறு நடக்குமா? நடக்கும், அரிதாக. ஒரு முறை சுருள் நழுவி மகாதமனியில் விழுந்து கால் தமனிக்குப் போனது. சுருக்குக் கயிறு போன்ற ஸ்நேர் ஒன்றை விட்டு அதே வழியில் பிடித்து எடுத்தோம். இதற்கெல்லாம் தயாராக இருக்கும் லேபா என்பதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

படி 7: வார்டில்

குத்திய இடத்தைக் கையால் 10, 15 நிமிடம் அழுத்தி, கட்டுப் போடுவார்கள். காலை மடக்காமல் சில மணி நேரம் படுக்க வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டிய ஒரே வேலை: அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்ப்பது. ஒன்று மட்டும் சில்லென்று வெளுத்திருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சின்னக் குழந்தையின் தமனி மெல்லியது, உள்ளே ரத்தம் கட்டலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே சரியாகும். கட்டு நனைந்தால் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

பெரும்பாலும் மறுநாள் வீடு.

படி 8: வீட்டில்

சில நாள் லேசான காய்ச்சலும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தலும் வரலாம். ரத்தம் நின்ற துண்டு அடங்குவதன் அறிகுறி அது, டாக்டர் எழுதிய பாராசிட்டமால் போதும். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, கை கால் வாய் கோணினாலோ காத்திருக்காமல் 108.

பெரியவர்கள் ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, வண்டியைக் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. குத்திய இடம் ஆறும்வரை மேலே ஊற்றிக் குளிக்கலாம், கிணற்றிலும் ஒகேனக்கல்லிலும் இறங்க வேண்டாம். தடுப்பூசிகளை வழக்கம்போலப் போடலாமா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஏ.வி.எம். உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு நிரந்தர விதி. பல் பிடுங்கவோ சுத்தம் செய்யவோ போனால் முன்பே ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வாயில் இருக்கும் கிருமி வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்ச் சீழ்க்கட்டி வரலாம். எங்கே ஊசி டிரிப் போட்டாலும் "குழாயில் காற்றுக் குமிழ் போகக் கூடாது, எனக்கு நுரையீரல் ஏ.வி.எம்." என்று சொல்ல வேண்டும். அடைத்த பிறகும் இந்த இரண்டும் தொடரும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத சின்னவை மிச்சமிருக்கும். வீட்டில் மூக்கு ரத்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு குமிழ் எக்கோ. குழந்தை பெறும் யோசனையில் இருக்கும் பெண்ணாக இருந்தால் அதற்கு முன்பே பார்த்து அடைத்துவிடுவது நல்லது, கர்ப்பத்தில் இந்தக் குழாய்கள் பெருத்து ரத்தம் கசியலாம்.

மறுபரிசோதனையில் சீக்வெஸ்ட்ரேஷன் பிள்ளைக்கு எக்கோவில் இதய அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏ.வி.எம்.முக்குச் சில மாதத்தில் ஒரு சி.டி., பிறகு சில வருடத்துக்கு ஒன்று, அடைத்த குழாய் மறுபடி திறந்துவிட்டதா என்று பார்க்க. உடம்பில் வைத்த பொருளின் பெயர், அளவு, எண் எழுதிய ஒட்டுச்சீட்டு ஒன்று கிடைக்கும். பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது அதைக் காட்டச் சொல்லுவார்கள். பாலக்கோட்டுப் பாப்பாவின் சீட்டை ரேஷன் அட்டை உறைக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன், போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பிவிட்டாள். 8 மில்லிமீட்டர் பிளக், ஒன்றே ஒன்று.